உதியன்குளங்கரை வீடு, இரண்டு பெயரில்

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. குடை ஒன்றுதான். பினு நனைந்தான், நான் பாதி.

விலைக்கு வாங்கப் பத்து வீடு பார்த்தாயிற்று, இன்று பதினொன்று. உதியன்குளங்கரையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே. ஏழு சென்ட். படுக்கையறை இரண்டு, முன்பக்கம் சிட் அவுட், பின்பக்கம் துணி துவைக்கிற கல். ஒரு கறிவேப்பிலை மரம், என் உயரத்துக்கு மேல். பினு மோட்டர் மெக்கானிக் என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றடிக்குத்தான் போவான். இன்று குடையில்லாமல் அரை மணி நேரம் அங்கேயே நின்றான். திரும்பி வந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். பத்து வீட்டிலும் அப்படி ஆட்டியதில்லை.

வீட்டுக்காரி ரெத்னம்மா அக்கா. அறுபதுக்கு மேல். அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. முட்டுவலி. டேம் பக்கம் கள்ளிக்காட்டில் மகள் கீழ்த்தளத்தில் ஒரு அறை கட்டி வைத்திருக்கிறாளாம், அங்கே போகிறார்.

புரோக்கர் ஸ்டீபன் அறிமுகப்படுத்தியது: “இது பினு, இது பினுக்க பெண்டாட்டி.” நான் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் கவரிங் தாலி வேறு. வாடகை வீடு பார்க்கப் போகும்போது போடுகிறது. பழக்கத்தில் இன்றைக்கும் போட்டுவிட்டேன்.

வரும் வழியில் ஏத்தங்காய் சிப்ஸ். ஈரத்தில் பதத்துப் போயிருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

லேபில் கூட்டம். காய்ச்சல் சீசன், ஒன்பது மணிக்குள் நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்தாயிற்று. ஒரு சின்னப்பெண் ஊசியைப் பார்த்து என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டாம் தடவை வீடு பார்க்கப் போனோம். அக்கா சாயா போட்டுத் தந்தார், கூட அச்சப்பம். அளவாகப் பேசுகிறவர். போகிற போக்கில் கேட்டார், பிள்ளைகள் உண்டா என்று. நான் இல்லை என்றேன். அதோடு நின்றிருக்கும். பினு சும்மா இராமல், சிகிச்சை நடக்கிறது என்றான்.

ரெத்னம்மா அக்காவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்க நட்சத்திரம் என்னவாக்கும், மக்கா?” பூரட்டாதி என்றேன். நான்கு நாள் விடாமல் கோயிலுக்குப் போய் என் பேரில் தொழுது, கடைசி நாள் பால்பாயசம் செய்விப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் பினு என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னது தப்பு என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. துணி காய்ந்தது.

நான்கு வருடத்தில் சொன்ன பொய்கள், ஞாபகம் உள்ளவை:

- முதல் வாடகை வீட்டில்: கல்யாணம் குருவாயூரில் நடந்தது.
- அதே வீட்டில்: கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போயிற்று. (வீட்டுக்கார அம்மாள் என்னைவிட வருத்தப்பட்டார்.)
- இரண்டாவது வீட்டில்: பினு எனக்கு முறைமாப்பிள்ளை. (அவன் ஆட்கள் வேறு, எங்கள் ஆட்கள் வேறு. பெயரைக் கேட்டாலே தெரியும். அதனால்தான் அந்த வீடு எட்டு மாதத்தில் போனது.)
- இப்போதிருக்கும் நெய்யாற்றின்கரை வீட்டில்: கல்யாணம் ஆகி ஒன்பது வருடம்.
- ரெத்னம்மா அக்காவிடம்: சிகிச்சை.

முதல் நான்கும் வாடகைக்காக. சாவியைத் திருப்பிக் கொடுத்தால் பொய்யும் அவர்களோடு போய்விடும். இது சொந்த வீடு. அக்கம்பக்கம் மாறாது. எழுபது வயதிலும் ஒன்பது, பத்து என்று கல்யாண வருடத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பினுவிடம் சொன்னேன், அக்காவிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று. பத்திரம் முடியட்டும் என்றான். முடிந்தபிறகு சொன்னால் ஏமாற்றியதாக ஆகாதா என்றேன். “அந்தக் கிணறு மாதிரி ஒரு கிணறு இனி கிடைக்காது” என்றான். அதுதான் பதில்.

வியாழன் என்பதால் அம்மா போன். பாறசாலையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் பிள்ளைகளின் ஸ்கூல், பக்கத்து வீட்டு நாய், தேங்காய் போடுகிறவன் வராதது. பினு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் எங்கே இருக்கிறேன் என்றும் கிடையாது. நான்கு வருடமாக வாரம் ஒரு தடவை, தவறாமல் பேசுகிறாள். நான் ஏதோ ஒரு போனுக்குள் குடியிருக்கிற மாதிரி.

ஜூன் 14, சனி

அரை நாள் லேப். பதினொரு மணிக்கு ரெத்னம்மா அக்கா கூப்பிட்டார். பாயசம் ஆயிற்று, சூடு ஆறுவதற்குள் வந்து வாங்கிக்கொண்டு போ என்றார்.

பினு வேலைக்குப் போயிருந்தான். அவனிடம் சொல்லவில்லை. கையில் எடுத்த தாலியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். அங்கே போனதும் மூன்றும் மறந்துவிட்டது.

பாத்திரத்தை வாழை இலை போட்டு மூடி மேசையில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இல்லை. நான்கு வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். சிகிச்சை ஒன்றும் இல்லை. பிள்ளை வேண்டாம் என்று தீர்மானித்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பின்பக்கம் யாரோ விறகு வெட்டுகிற சத்தம்.

“நாலு நாளு இந்த முட்டுவலியை வச்சிட்டு நடந்தேன்” என்றார். அவ்வளவுதான், குரலை உயர்த்தவில்லை.

மன்னிக்கச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டார். “பாயசத்தை எடுத்திட்டுப் போ. உனக்க பேருல செஞ்சதாக்கும், நான் வச்சு என்ன செய்ய? வீட்டுக்க காரியம் இப்பம் பேசண்டாம்.”

பஸ்ஸில் பாத்திரம் மடியில் சுட்டது. அழவில்லை. உடம்பு இலேசாக இருந்தது, அதே சமயம் ஏதோ ஒன்றை உடைத்துவிட்டு வந்த மாதிரியும்.

ஜூன் 15, ஞாயிறு

பினுவிடம் நேற்று சாயங்காலமே சொன்னேன். கோபப்படவில்லை. பாயசத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தான், நன்றாக இருக்கிறது என்றான். அப்புறம், “எனக்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம். நானும் வந்திருப்பேன்” என்றான்.

அது நியாயம். பொய் சொன்னது இரண்டு பேர், உண்மையைச் சொல்லப் போனது நான் மட்டும். அவனை அந்தப் பொய்யோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலை ஸ்டீபன் போனில் கத்தினார். இருபது வருடமாகத் தொழில் செய்கிறாராம், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லையாம். பினு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு மோட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீனும்.

ஜூன் 17, செவ்வாய்

அங்கிருந்து ஒன்றும் தகவல் இல்லை. மழை விட்டு விட்டு.

ஸ்டீபன் கோபம் ஆறி வேறொரு வீடு காட்டினார், அம்பூரியில். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில், சுற்றிலும் யாருமே இல்லை. “இஞ்ச ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ” என்றார், அதுதான் அந்த வீட்டின் பெருமை என்பது போல. கேட்க ஆளே இல்லாத இடத்தில் நான் எதற்குப் போய் இருக்க வேண்டும்? லேபுக்கு இரண்டு பஸ். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

திரும்பி வரும்போது பினு பைக்கை ஒரு சாயாக்கடையில் நிறுத்தினான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “கெட்டிரலாமா? ரெஜிஸ்டர் ஆபீசில போயி ஒரு கையொப்பு. அவ்வளவுதான?”

நான்கு வருடத்தில் முதல் தடவை.

இல்லை என்றேன். ஏன் என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னேன். இருபத்து நாலு வயதில் நாகர்கோவிலில் நானூறு பேர் கூடி நின்று என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆறு வருடம். அந்த வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். பிரிவதற்குக் கோர்ட் ஏறியபோது நானூறில் ஒருவரும் கூட இல்லை. மூன்று வருடம் தனியாக ஏறி இறங்கினேன். மறுபடி அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. நீ தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாய். வர வேண்டும் என்று தோன்றுவதால் வருகிறாய். எனக்கு அது போதும்.

சரி என்றான். ஆறிவிட்டது என்று இன்னொரு சாயா போடச் சொன்னான்.

வீட்டுக்காகக் கேட்டானா, எனக்காகக் கேட்டானா? நான் கேட்கவில்லை. அவன் முகம் வாடியது உண்மை. இதை எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இல்லை என்பது இல்லைதான்.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் ஐந்தரை. நான் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு. பினு முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரெத்னம்மா அக்கா, கையில் ஒரு சக்கை, பழுத்த பலா.

எங்கள் முகவரியை ஸ்டீபனிடம் வாங்கியிருக்கிறார். உட்காரும் முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒளிக்காமல், ஒவ்வொரு அறையாக. பினுவின் ஸ்பானர் பை, என் புத்தக அடுக்கு, கொடியில் இரண்டு பேர் துணி. அடுக்களையில் நின்று, யார் சமைக்கிறது என்று கேட்டார். மீன் அவன், மற்றது நான் என்றேன்.

சாயா குடித்துவிட்டு பினுவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அங்கன்வாடியில் பிள்ளையை உட்கார வைக்கிற மாதிரி. அவன் கையில் மீன் வாடை, துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“இவளுக்கு ஒரு சுகமில்லாம வந்தா ஆரு பாக்கும்?”

பினு யோசிக்கவில்லை. “போன வருஷம் டெங்கு வந்து பதினோரு நாளு ஆசுபத்திரியில கெடந்தா. ஃபாரத்துல நீ ஆருன்னு கேட்டாவ. புருஷன்னு எழுதினேன். அந்தப் பொய்யில எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. உங்களிட்ட சொன்னதுல உண்டு.”

அந்த ஃபாரத்தில் என்ன எழுதினான் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பினார். ஏன் கட்டவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “நீங்க கெட்டாததுல எனக்கு நாணக்கேடு ஒண்ணும் இல்ல, மக்கா. இல்லாத காரியத்துக்கு என்னைக் கொண்டு தெய்வத்துக்கிட்ட கேக்க வச்சிய பாரு. அதுதான் சகிக்கல.”

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மன்னிப்பு இந்தத் தடவை பினு கேட்டான்.

கிளம்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார், அடுத்த வாரம் பத்திரம் எழுதிவிடலாம் என்று. ஒரு நிபந்தனை. அந்தத் தெருவில் உள்ளவர்களிடம் எங்களைப் பற்றி அவரே சொல்வார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் அ, ஆ படித்தவர்கள். நாங்கள் இனி அங்கே ஒரு பொய்யும் சொல்லக்கூடாது.

சக்கை நல்ல பழம். வீடு முழுக்க வாசனை. அம்மா போன் செய்திருக்கிறாள், எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில்.

அலமாரிக்கு அளவெடுக்கப் போனோம். அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். மூன்று வீடு. நாங்கள் இரண்டு பேரும் பின்னால், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாதிரி.

மூன்று வீட்டிலும் ஒரே பேச்சு, ஒரே தொனி: “இது பினு, இது பகவதி. எனக்க வீட்டை வாங்கப் போறாவ. இவிய கெட்டினவிய இல்ல. சேந்து தாமசிக்கியாவ. இவியளுட்ட எதாவது கேக்கணும்னா நான் நிக்கும்ப கேளுங்க. நான் போன பிறவு முதுகுக்குப் பின்ன கேக்கப்படாது.”

முதல் வீடு: ஓய்வு பெற்ற கண்டக்டரும் மனைவியும். அவர் மேல் துண்டைச் சரி செய்துகொண்டு, ஒன்றும் கேட்பதற்கில்லை டீச்சர் என்றார். மனைவி என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். சாயா தரவில்லை.

இரண்டாவது: ஒரு இளம் தாய், இடுப்பில் பிள்ளை. உள்ளேயிருந்து மாமியாரின் குரல், மலையாளத்தில், அவளைக் கூப்பிட்டது. அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மூன்றாவது: தையல் கடை நடத்தும் லில்லி. டேப் கழுத்தில் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பினுவிடம், “அப்பம் நிங்ஙள் மோட்டர் நன்னாக்குமோ?” என்றாள். அவள் வீட்டு மோட்டரைச் சரிசெய்ய வேண்டும், நின்று பத்து நாள் ஆகிறதாம். பினு அங்கேயே முழங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டான். நான் அளவெடுக்கத் தனியாகப் போனேன்.

திரும்பி வரும்போது ரெத்னம்மா அக்கா, ஒன்றரை வீடு தேறும் என்று கணக்குச் சொன்னார். மற்றது போகப்போக.

ஜூன் 25, புதன்

மத்தியானத்துக்கு மேல் லீவு. நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதும் சோமன் சாரின் அறை, மாடியில். மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கிறது, சுற்றாவிட்டால் வேர்க்கிறது.

பத்திரத்தில் சிக்கல் இல்லை. இரண்டு பேர் பெயர், பாதிப்பாதி, அவரவர் தகப்பனார் பெயர். சிக்கல் அதற்கப்புறம். எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய பாதி அவரைப் பெற்றவர்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் போகும் என்றார் சார். கூட இருந்தவர் கூட இருந்தார் என்பது எங்கும் நிற்காது. ஆளுக்கொரு உயில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அண்ணனோ தம்பியோ ஒருநாள் வந்து படுக்கையறையை அளப்பார்கள்.

பினு உடனே, இப்போதே எழுதுங்கள் என்றான். அவன் பாதி எனக்கு.

சார் எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார். என் பெயருக்கு முன்னால் நான் அவனுக்கு யார் என்று ஒரு வார்த்தை வேண்டுமாம். மனைவி என்று எழுத முடியாது. சிநேகிதி என்றால் பின்னால் கோர்ட்டில் சிரிப்பார்கள். உறவு என்றால் எந்த உறவு என்று கேட்பார்கள்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பினுதான் சொன்னான். “எனக்க கூட ஒரே வீட்டில தாமசிக்கிறவ. அப்படியே எழுதுங்க சாரே. அதுல பொய் இல்ல.”

சார் எழுதினார், வாசித்தும் காட்டினார், மலையாளத்தில். என்னோடு ஒரே வீட்டில் தாமசித்து வருபவரும் என் நம்பிக்கைக்குப் பாத்திரமானவருமான பகவதிக்கு. இரண்டாவது பாதி அவராகச் சேர்த்தது. அது எல்லா உயிலிலும் வருகிற வாசகம்தான் என்று நினைக்கிறேன். தலை நிமிராமல் வாசித்தார்.

எனக்கும் அதையே எழுதுங்கள் என்றேன்.

வெளியே வந்து இரண்டு பேரும் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் குடித்தோம். சாயாக்கடையில் அவன் கேட்டதற்கு நான் இல்லை என்று சொன்னது இனி அவனைக் குத்தாது என்று தோன்றியது. அவன் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது.

ஜூன் 30, திங்கள்

ரெஜிஸ்டர் ஆயிற்று. போட்டோ எடுத்தார்கள், விரல் வைத்தோம். மொத்தம் இருபது நிமிடம், காத்திருந்தது மூன்று மணி நேரம். லில்லி சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாள், கடையை அடைத்துவிட்டு.

ரெத்னம்மா அக்கா கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். மகள் வந்து வாங்கி மூடினாள். சாவி மூன்று. மூன்றாவது பின்கதவுக்கு, தூக்கித் திருப்ப வேண்டும் என்றார். கள்ளிக்காட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னார், டேம் பார்க்க வருகிறவர்கள் மாதிரி வராமல், ஒரு நாள் தங்குகிற மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

குடி வந்தாயிற்று. ஒரு டெம்போவில் எல்லாம் அடங்கிவிட்டது. பால் பொங்கி ஸ்டவ் எல்லாம் வழிந்தது.

வந்தவர்கள்: லில்லி, பினுவின் தம்பி. கண்டக்டரின் மனைவி வரவில்லை. ஆனால் மதில் மேல் ஒரு சீப்பு பழம் இருந்தது, யார் வைத்தது என்று தெரியாது. லில்லி கண்டக்டர் வீட்டு வாழை என்கிறாள்.

செய்ய வேண்டியது: கேஸ் முகவரி, கரண்ட் பெயர் மாற்றம், பின்கதவுக்கு எண்ணெய், வடக்கு அறை ஜன்னலுக்குக் கொசுவலை.

சாயங்காலம் அம்மா போன். வியாழன் இல்லை, ஞாயிறு. அண்ணன் சொல்லியிருப்பான். சுற்றி வளைக்காமல் நானே சொன்னேன். வீடு வாங்கியிருக்கிறேன், உதியன்குளங்கரையில், பினுவும் நானும் சேர்ந்து, பத்திரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறது. கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“ஜங்ஷன்ல எறங்கினா கொறே தூரம் நடக்கணுமா?” என்று கேட்டாள்.

பத்து நிமிடம் என்றேன்.

“ஏத்தம் உண்டா?”

உண்டு, கொஞ்சம்தான் என்றேன்.